பாக்டீரியா உலோகம் எடுக்குமா? ரங்கூன் டியூஷன் பெஞ்சில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூஷன் முடிந்த பிறகு, ஓடாமல் போன பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் பிரித்தேன். நட்சத்திரத் தலை ஸ்குரூ ஆறேழு. மூடியைத் தூக்கினால் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தட்டு. ஓரத்தில் முந்திரிப்பருப்பு வடிவத்தில், நிக்கல் பூச்சு மினுங்க, இரண்டு காந்தங்கள். நெம்பி எடுக்கும்போது ஒன்று தாவி வந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் என் ஆள்காட்டி விரல். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: "ஸயாமா, எங்க சித்தப்பா பாங்வாவுல தோண்டுற மண்ணுதான் இதுக்குள்ள இருக்கா?" (ஸயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். பாங்வா வட பர்மாவின் காச்சின் மாநிலத்தில், சீன எல்லையோரம் இருக்கிறது.)

அன்றைக்கு ஆரம்பித்தது. பிள்ளைகள் கேட்டது போக, அவர்களுடைய அம்மாக்கள், கோயில் வாசலில் பிடித்துக்கொண்ட பெரியவர்கள், மொபைல் ரிப்பேர் கடைத் தம்பி, நாகர்கோவிலில் இருக்கும் என் அத்தை மகன் என்று எல்லாரும் அருமண் உலோகங்களைப் பற்றியும், அவற்றைப் பாக்டீரியாவை விட்டு எடுப்பதைப் பற்றியும் கேட்டதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், சுரங்கத்தில் வேலை பார்த்தவள் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சரி, அந்த மண் இந்தக் காந்தத்துக்குள் இருக்கிறதா?

இந்தக் காந்தம் நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் நியோடிமியமும் அதன் கூட்டாளிகளுமான அருமண் உலோகங்கள். மீதி பெரும்பாலும் இரும்பு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள். மின்சாரக் கார் மோட்டார் போலச் சூடேறும் இடங்களில் இந்தக் காந்தம் பலம் இழக்கும். அதைத் தடுக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற இரண்டைக் கொஞ்சம் கலப்பார்கள். காச்சின் மலை மண்ணுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது முக்கியமாக அந்த இரண்டுக்காகத்தான்.

என் ஹார்ட் டிஸ்க் மிகப் பழசு, பாங்வா பக்கம் பெரிய அளவில் தோண்ட ஆரம்பிப்பதற்கு முந்தியது. அதில் சித்தப்பாவின் மண் இருக்காது. அடுத்த தெருவில் நிற்கிற புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இருந்தாலும் இருக்கலாம்.

அருமண் என்கிறீர்கள், பேப்பரில் அரிய மண் தாது என்கிறார்கள், பர்மியச் செய்தியில் மியேஷா என்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். மொத்தம் 17 தனிமங்கள்: லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை 15, கூடவே ஸ்காண்டியம், இட்ரியம். எல்லாமே உலோகங்கள். "மண்" என்பது பழைய வேதியியலாளர்கள் வைத்த பெயர். சூடாக்கினாலும் உருகாமல் மண் மாதிரி கிடந்த ஆக்ஸைடுகளை அவர்கள் அப்படிச் சொன்னார்கள். ஸ்வீடனில் இட்டர்பி என்று ஒரு சின்ன ஊர். அங்கே கிடைத்த ஒரு கறுப்புக் கல்லை 1794இல் காடோலின் என்பவர் ஆராய்ந்ததில் தொடங்கி, அந்த ஒரு ஊரின் பெயரிலேயே இட்ரியம், இட்டெர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்கள் வந்துவிட்டன.

"அரிய" என்பதும் முழு உண்மை இல்லை. பூமியின் மேலோட்டில் சீரியம் கிட்டத்தட்டச் செம்பு அளவுக்கு இருக்கிறது.

அரிது இல்லையென்றால் எதற்கு இத்தனை அடிதடி?

கிடைப்பதில் கஷ்டம் இல்லை, பிரிப்பதில்தான். இந்தப் பதினேழும் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி, ஒரே பாறையில் கலந்தே கிடக்கும். நீரில் கரைந்தால் பெரும்பாலும் எல்லாமே மூன்று நேர்மின்னூட்டத்தோடு நிற்கும். வித்தியாசம் அளவில் மட்டும்: லாந்தனம் அயனியின் ஆரம் 103 பிகோமீட்டர், வரிசையின் கடைசியில் லுட்டீசியம் 86. ஒரு பிகோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களுக்கு நடுவே இருப்பது ஒன்றோ ஒன்றரையோ பிகோமீட்டர்தான்.

அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் யாரும் பொறுக்குவார்கள். முறத்தில் புடைத்தால் உமி போய்விடும். ஒரே ரக அரிசியை மயிரிழை நீள வித்தியாசம் பார்த்துப் பதினேழு மூட்டையாகக் கட்டு என்றால்? தொழிற்சாலையில் அதைத்தான் செய்கிறார்கள். அமிலத்தில் கரைத்த உலோகக் கரைசலையும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பானையும் தொட்டியில் கலக்கி, தெளியவிட்டு, அடுத்த தொட்டிக்கு அனுப்பி, மறுபடி கலக்கி... இப்படி நூற்றுக்கணக்கான தடவை. அமிலம், கரைப்பான், கழிவு நீர் எல்லாம் அதே கணக்கில் பெருகும். உலகத்தில் இந்தச் சுத்திகரிப்பு வேலையில் சுமார் 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு போட்டதும் பல நாட்டுக் கார் கம்பெனிகள் கையைப் பிசைந்தது இதனால்தான்.

நம் நாட்டில் எப்படி எடுக்கிறார்கள்? ஆழமான சுரங்கமா?

சுரங்கமே இல்லை. பாங்வா, சிப்வி பக்கம் கருங்கல் மலைகள் பல லட்சம் வருஷம் மழையில் மக்கிக் களிமண்ணாகி இருக்கின்றன. பாறையில் இருந்த அருமண் அயனிகள் அந்தக் களிமண்ணின் மேல் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அளவு சொற்பம்: நூறு கிலோ மண்ணில் நூறு கிராம் தேறினாலே பெரிது. ஆனால் லேசாக ஒட்டியிருப்பதால் பிய்த்து எடுப்பது சுலபம்.

மலை முகட்டில் துளைகள் போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுவார்கள். ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே உப்புதான். அம்மோனியம் போய்க் களிமண்ணில் உட்கார, அருமண் அயனி எழுந்து வெளியே வரும். பஸ்ஸில் சீட் மாறுகிற மாதிரி. மலை அடிவாரத்தில் அந்தக் கரைசலைக் குழாயில் பிடித்துத் தொட்டிகளுக்குக் கொண்டுபோய், ஆக்ஸாலிக் அமிலம் போட்டு வீழ்படிவாக்கி, உலையில் சுட்டால் வெளிர் நிறத் தூள். அதை மூட்டை கட்டி எல்லை தாண்டிச் சீனாவின் யுனான் மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள்.

வானத்திலிருந்து எடுத்த படங்களில் இந்தத் தொட்டிகள் பச்சை நீலத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். 2022 மார்ச் வரை ஏறத்தாழ 300 இடங்களில் 2,700க்கு மேற்பட்ட தொட்டிகளை குளோபல் விட்னஸ் என்ற அமைப்பு எண்ணியது. 2023இல் பர்மாவிலிருந்து சீனாவுக்குப் போன அருமண் ஆக்ஸைடு சுமார் 41,700 டன், 2021இல் போனதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரு மலை வற்றியதும் அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். விட்ட உப்பும் அமிலமும் ஓடையில் இறங்குவதை யாரும் சுத்தம் செய்வதில்லை.

என் தம்பி அங்கே வேலைக்குப் போகட்டுமா? சம்பளம் நன்றாகத் தருகிறார்களாம்.

அனுப்பாதீர்கள் அக்கா. துளை போட்ட மலை மழையில் சரிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். கையுறை, முகமூடி எதுவும் இல்லாமல் அமிலத் தொட்டி பக்கம் நிற்க வேண்டிவரும். 2024 அக்டோபரில் அந்தப் பகுதி காச்சின் விடுதலைப் படையின் கைக்குப் போனது. சண்டை, வழி மறிப்பு எல்லாம் அதோடு சேர்ந்தது. இதற்கு வேதியியல் பதில் எதுவும் தேவையில்லை.

இதிலெல்லாம் பாக்டீரியா எங்கே வருகிறது? அது உலோகத்தைத் தின்னுமா?

தின்னாது. இரண்டு வித வேலைகளை மனிதர்கள் அதனிடம் வாங்கப் பார்க்கிறார்கள். ஒன்று, அமிலம் சுரந்து பாறையையோ பழைய சாமானையோ கரைப்பது. இன்னொன்று, கரைந்த நீரிலிருந்து வேண்டியதை மட்டும் பிடித்துக்கொள்வது. செய்தி எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "உலோகம் தின்னும் கிருமி" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள்.

கரைக்கிற வேலை நமக்குப் பழக்கமானதுதான். மேல் பர்மாவில் பனங்காட்டுப் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், காலையில் இறக்கின கள் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். ஈஸ்ட் போதையை உண்டாக்கும். புளிப்பு ஏற்றுவது அசிட்டிக் அமில பாக்டீரியாக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் குளுக்கோனோபாக்டர். சர்க்கரை கிடைத்தால் அதை முழுதாகச் செரிக்காமல் பாதியில் குளுக்கோனிக் அமிலமாக மாற்றி வெளியே துப்பிவிடுவார். இந்த அமிலம் கந்தக அமிலம் மாதிரி முரட்டுத்தனம் இல்லாதது. ஆனால் உலோக அயனியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் தேய்ந்துபோன வினையூக்கித் தூளில் இதை ஊற்றி, அதிலிருந்த அருமண்ணில் ஏறத்தாழ பாதியைக் கரைத்து எடுத்தார்கள். பாதி என்பது பெரிய வெற்றி இல்லை. ஆனால் கள் புளிக்க வைக்கிற ஒரு ஜீவனுக்கு அது குறைவும் இல்லை.

இரண்டாவது வேலை? ஒரு கிருமிக்கு டிஸ்ப்ரோசியம் எது, சுண்ணாம்பு எது என்று எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெகு காலம் வரை, அருமண் உலோகத்துக்கும் உயிருக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் பாடத்தில் இருந்தது. நானும் அப்படித்தான் படித்தேன். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் சோல்ஃபட்டாரா என்று ஓர் எரிமலை வாய், கொதிக்கிற சேற்றுக் குழிகள் உண்டு. அங்கே கிடைத்த ஒரு பாக்டீரியாவை நெதர்லாந்து ஆய்வகத்தில் வளர்த்தபோது ஒரு தொல்லை. அந்தக் குழியின் தண்ணீரைக் கொஞ்சம் விட்டால்தான் வளரும், இல்லாவிட்டால் வளராது. அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்து, 2014இல் விடை சொன்னார்கள்: அருமண் உலோகம். மீத்தேனை மெத்தனாலாக்கி எரித்து வாழ்கிற அந்தப் பாக்டீரியாவின் முக்கியமான நொதி ஒன்றின் நடுவில் அந்த உலோகம் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை.

மெத்தனால் சாப்பிடும் பாக்டீரியா எரிமலையில் மட்டும் இல்லை, உங்கள் வீட்டு முருங்கை இலையிலும் உட்கார்ந்திருக்கும். இலை வளரும்போது செல் சுவரிலிருந்து துளித் துளியாக மெத்தனால் கசியும். அதைக் குடித்து வாழ்கிற ரோஸ் நிறப் பாக்டீரியாக்கள் உண்டு. தமிழ்நாட்டு விவசாயிகள் வறட்சியில் பயிருக்குத் தெளிக்கிற பிபிஎஃப்எம் என்பது இதே மெத்திலோபாக்டீரியம்தான்; கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பரப்பியது. வேரை விட்டு இவ்வளவு மேலே, இலையின் மேல் உட்கார்ந்துகொண்டு, தூசியில் வந்து விழும் துளியூண்டு உலோகத்தைப் பிடிக்க வேண்டுமானால் அதற்குக் கூர்மையான கை வேண்டும்.

அந்தக் கையை 2018இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கொட்ரூவோவின் குழு கண்டுபிடித்தது. லான்மாடுலின் என்று பெயர். சின்னப் புரதம். நம் உடம்பில் கால்சியத்தைப் பிடிக்கிற கால்மாடுலின் என்ற புரதத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதில் உலோகம் உட்காரும் மடிப்புகளை விஞ்ஞானிகளே "கை" என்றுதான் அழைக்கிறார்கள், நான் உவமைக்காகச் சொல்லவில்லை. நான்கு கைகள். கால்சியத்தைக் காட்டிலும் அருமண் அயனியைப் பத்துக் கோடி மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கலந்திருந்தாலும் ஏறிட்டுப் பார்க்காது. பிஎச் 2.5 அளவு புளிப்பிலும் பிடி விடாது.

ஆனால் பதினேழும் ஒரே மாதிரி என்றீர்களே. அவற்றுக்குள்ளேயே பிரிக்குமா?

முதலில் கிடைத்த லான்மாடுலினுக்கு அந்த அளவு நுணுக்கம் இல்லை, எல்லா அருமண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பிறகு ஓக் மரத்து மொட்டில் வாழும் வேறொரு பாக்டீரியாவின் லான்மாடுலினைப் பார்த்தார்கள். இது இரண்டு இரண்டாக ஜோடி சேரும். பெரிய அயனி உள்ளே உட்கார்ந்தால் ஜோடி இறுகும், சிறிய அயனி உட்கார்ந்தால் ஜோடி தளரும். அந்த ஒன்றிரண்டு பிகோமீட்டர் வித்தியாசத்தை உணர்கிற கை! 2023இல் வந்த ஆய்வில், இந்தப் புரதத்தைச் சிறு மணிகளில் ஒட்டிக் குழாயில் நிரப்பி, நியோடிமியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த கரைசலை ஒரே தடவை விட்டு, இரண்டையும் 98 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகப் பிரித்துக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான தொட்டி என்று மேலே சொன்னேனே, அதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும். ஆய்வகக் குழாய் அளவில்தான் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே நினையுங்கள்.

மரபணுவில் எதைத்தான் மாற்றுகிறார்கள்?

குளுக்கோனோபாக்டரில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்தது ஒரு விதம். அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்து, ஆயிரக்கணக்கான "ஊனமுற்ற" வகைகளை உண்டாக்கி, எது அமிலத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்த்தார்கள். 304 மரபணுக்கள் சிக்கின. பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் மரபணுவைக் கெடுத்தபோது கரைக்கும் திறன் 18 சதவீதம் வரை கூடியது. 2021 ஆய்வு இது. பாஸ்பேட்டுக்காகப் பாறையைக் கரைப்பது மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் வழக்கம். பசி எடுத்ததாக நினைத்து இன்னும் அதிகமாகப் புளிப்பைத் துப்புகிறது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

இன்னொரு விதம் ஒட்டுப் போடுவது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், அருமண்ணைப் பிடிக்கிற ஒரு குட்டிப் புரதத் துண்டின் மரபணுவை வேறு பாக்டீரியாக்களுக்குள் வைத்தது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை அதில் ஒன்று. அந்தப் பாக்டீரியாவின் வெளித்தோல் முழுக்கக் கொக்கி முளைத்த மாதிரி ஆகிவிடும். உலோகம் கலந்த நீரில் போட்டால் சில நிமிஷத்தில் பிடித்துவிடும். பிறகு சிட்ரேட்டில் கழுவினால் விட்டுவிடும். எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் சிட்ரேட். கழுவிய பாக்டீரியாவை மறுபடி பயன்படுத்தலாம். அடுத்த கட்டமாக, பாக்டீரியாக்களை ஜெல்லி மணிகளுக்குள் அடைத்துக் குழாயில் நிரப்பினார்கள். ஜவ்வரிசிப் பாயசம் நினைவுக்கு வந்தால் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள்.

அந்தக் கிருமி தப்பித்து ஐராவதி ஆற்றில் கலந்தால்?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. லான்மாடுலின் முறையில் குழாய்க்குள் உயிரே கிடையாது. பாக்டீரியாவை வளர்த்துப் புரதத்தைப் பிரித்து எடுத்து மணியில் ஒட்டுகிறார்கள். ஆய்வக ஈ.கோலை வெளி உலகத்தில் காட்டுப் பாக்டீரியாக்களோடு போட்டி போட முடியாத நோஞ்சான். உலோகக் கொக்கி முளைத்தது அதற்குப் பலமும் இல்லை, வீண் சுமை. ஆனால் உயிரோடு இருக்கிற மாற்றப்பட்ட பாக்டீரியாவை நேராக மலையிலோ ஓடையிலோ விடுகிறேன் என்று யாராவது வந்தால், அது வேறு கதை. நான் எதிர்ப்பேன்.

காச்சின் மலையில் உப்புக்குப் பதில் பாக்டீரியாவை ஊற்றினால் மலை பிழைக்குமா?

இந்தக் கேள்வியைக் கோயிலில் ஒரு பெரியவர் கேட்டார், நல்ல மனதோடு கேட்டார். பதில் இல்லை என்பதுதான். அந்தக் களிமண்ணில் உலோகம் ஏற்கெனவே லேசாக ஒட்டித்தான் இருக்கிறது, கரைக்க அமிலம் துப்புகிற ஆள் அங்கே தேவையே இல்லை. மலையைக் கெடுப்பது துளை போடுவதும், விட்ட கரைசல் வழிந்து ஓடுவதும், ஓடியதைப் பொறுப்பேற்க ஆள் இல்லாததும். பாக்டீரியா நான்கு கையை வைத்துக்கொண்டு அதற்கு என்ன செய்யும்?

எங்கே உதவலாம் என்றால், கைவிட்ட தொட்டிகளிலும் ஓடைகளிலும் நிற்கும் மிச்ச நீரில். அதில் அலுமினியம், சுண்ணாம்பு, அம்மோனியம் எல்லாம் கலந்து அருமண் துளியூண்டு இருக்கும். இப்படி நீர்த்துப்போன கலவையிலிருந்து பொறுக்கி எடுப்பதில்தான் அந்தப் புரதம் கெட்டிக்காரி. அமெரிக்காவில் பழுப்பு நிலக்கரியைக் கரைத்த நீரில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கே செய்ய, முதலில் அந்த இடத்துக்குப் போய்வர மாதிரி நீர் எடுக்கிற பாட்டிலோடு ஆளை விடுகிற நிலைமை வேண்டும்.

பர்மாவில் பாக்டீரியா வேலை செய்கிற சுரங்கம் எதுவுமே கிடையாதா?

இருக்கிறது, அநேகம் பேருக்குத் தெரியாது. மோனிவா செம்புச் சுரங்கம். 1998இல் உற்பத்தி தொடங்கிய சபேதாங், சிசின்தாங் குன்றுகளில் தாதுவைக் குவியலாகக் கொட்டி, மேலிருந்து அமில நீரைச் சொட்டவிடுகிறார்கள். குவியலுக்குள் இரும்பையும் கந்தகத்தையும் எரித்து வாழ்கிற பாக்டீரியாக்கள் செம்பைக் கரைத்துக் கொடுக்கின்றன. மரபணு மாற்றம் எதுவும் இல்லை, தானாக இருக்கிறவைதான். அடியில் வடியும் நீரிலிருந்து செம்பை எடுத்து மின்சாரம் பாய்ச்சித் தகடாக்குகிறார்கள்.

பக்கத்து லெட்பதாங் மலையில் நிலம் பறிபோனதற்காக 2012இல் கிராமத்து மக்களும் பிக்குகளும் போராடியதும், அவர்கள் மேல் தீப்பிடிக்கும் குண்டு வீசியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். "பாக்டீரியா முறை, அதனால் பசுமை முறை" என்று எங்கேயாவது படித்தால் நான் லெட்பதாங்கைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அண்ணி, நம்ம ஊர் மணவாளக்குறிச்சி மணலில் இதைச் செய்யலாமா? (நாகர்கோவில் அத்தை மகன்)

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பது மோனசைட், அருமண் பாஸ்பேட். காச்சின் களிமண்ணுக்கு நேர் எதிர்: உலோகம் அதிகம், ஆனால் பிடி இரும்புப் பிடி. வழக்கமாகக் கொதிக்கிற கந்தக அமிலத்திலோ காஸ்டிக் சோடாவிலோ வேகவைத்துத்தான் திறக்கிறார்கள். அஸ்பெர்ஜில்லஸ் என்ற கறுப்புப் பூசணத்தையும் அதன் இனத்தாரையும் விட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான் கரைந்தது. அதோடு மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது, எந்த முறையில் எடுத்தாலும் அது மிச்சம் நிற்கும். இப்போதைக்கு உங்கள் மணலை அமிலத்துக்கே விடுங்கள் தம்பி.

ஒருத்தர் ஒரு தூள் பாக்கெட் கொண்டுவந்தார் அக்கா. பழைய போனை ஊறவைத்தால் உலோகம் பிரியுமாம். வாங்கட்டுமா? (மொபைல் ரிப்பேர் கடைத் தம்பி)

வாங்காதே. அந்தப் பாக்கெட்டை நீ காட்டினபோது பிரித்து முகர்ந்தேன், சர்க்கரையும் ஈஸ்ட்டும் மாதிரி இருந்தது. ரொட்டி வேண்டுமானால் சுடலாம்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு போனில் ஸ்பீக்கரிலும் அதிர்வு மோட்டாரிலும் இருக்கிற நியோடிமியம் ஒரு கிராமில் சிறு பங்கு. உனக்குக் காசு வருவது போர்டில் இருக்கிற தங்கத்திலும் செம்பிலும்தான். உலகம் முழுக்கப் பார்த்தாலும் பழைய சாமானிலிருந்து திரும்ப எடுத்த அருமண் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று 2010களில் கணக்கிட்டார்கள். காரணம் இதுதான்: சின்னச் சின்னதாக, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் வந்தால் அந்த முந்திரிப்பருப்புக் காந்தங்களைத் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வை. ஒவ்வொன்றும் சில கிராம் தேறும். சேர்த்து வைத்த காந்தம் நாளைக்கு யார் எந்த முறையில் எடுத்தாலும் உதவும். டப்பாவைப் போன்கள் பக்கம் வைக்காதே.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை?

காசு. குளுக்கோனோபாக்டர் முறையில் செலவுக் கணக்கைப் போட்டவர்கள், பெரிய செலவு பாக்டீரியாவுக்குப் போடுகிற சர்க்கரைதான் என்று கண்டார்கள். அதனால் சோளத் தட்டை போன்ற வயல் கழிவில் வளர்க்க முயற்சி நடக்கிறது. அப்புறம் நேரம்: அமிலத்தில் சில மணி நேரத்தில் முடிவது இங்கே நாள் கணக்கு. காந்தத்தைக் கரைத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற இரும்பும் சேர்ந்து கரைந்து வேலையைக் கெடுக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா இதற்காகவே எம்பர் என்று ஒரு திட்டம் வைத்துப் பணம் போட்டிருக்கிறது. சின்னக் கம்பெனிகளும் முளைத்திருக்கின்றன. விலை இறங்கினால் தானாக வரும்.

விண்வெளியில்கூடச் செய்தார்களாமே?

செய்தார்கள். 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில், எரிமலைப் பாறைத் துண்டின் மேல் பாக்டீரியாவை வளர்த்தார்கள். எடையில்லாத நிலையிலும் ஒரு வகைப் பாக்டீரியா அருமண்ணைக் கரைத்தது.

என் மகளுக்கு இதில் ஆசை வந்துவிட்டது ஸயாமா. எதைப் படிக்க வேண்டும்?

வேதியியலும் உயிரியலும் இரண்டுமே வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று பிடிக்க முடியாது. அதற்கு முன்னால் வீட்டில் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க் காந்தத்தின் நிக்கல் பூச்சை ஓரமாக உரசிவிட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வினிகர் ஊற்றிப் போடச் சொல்லுங்கள். நான் போட்டதில், உரசின இடத்திலிருந்து குண்டூசித் தலை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. நாள் போகப் போக நீர் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது, காந்தத்தின் ஓரம் அரித்துப் பள்ளமானது. நியோடிமியமும் அந்த நீரில்தான் இருக்கிறது, இரும்போடு கலந்து. அதை எப்படிப் பிரிப்பாய் என்று அவளிடம் கேளுங்கள், அவள் யோசிக்கட்டும்.

பாட்டில் மூடியை மட்டும் இறுக்க வேண்டாம். குமிழி ஹைட்ரஜன். அடுப்பு பக்கமும் வைக்காதீர்கள்.